சுங்கை சிப்புட்டிலிருந்து ஜொகூர் பாரு வரை: மின்சாரக் காரில் தூரப் பயணம், வேகச் சார்ஜர் பயன்படுத்தும் முறை (முழுமையான வழிகாட்டி)

சுங்கை சிப்புட், பீடோர், குளுவாங் போன்ற தோட்டத்து ஊர்களில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு அன்றாட ஓட்டத்தில் பெரிய சிக்கல் இல்லை. கடைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் போய்வர வீட்டுப் பிளக்கே போதும். பண்டிகைக்கோ கல்யாணத்துக்கோ குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் இறங்கும்போதுதான் தடுமாற்றம் வருகிறது.

தடுமாறுபவர்களில் பெரும்பாலோர் சார்ஜரின் முன்னால் வந்து நின்ற பிறகுதான் செயலியைத் தேடுகிறார்கள். உண்மையில் முக்கால்வாசி வேலை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே பயணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஜொகூர் பாரு, சுமார் 555 கிலோமீட்டர். காரின் பேட்டரி 60 யூனிட். யூனிட் என்று இங்கே சொல்வது கிலோவாட் மணியை. மின்கட்டண பில்லில் வருகிற அதே கணக்குதான்.

1. காரின் மூன்று எண்களை எழுதி வையுங்கள்

முதலாவது, பேட்டரியின் கொள்ளளவு. இரண்டாவது, டிசி (நேர்மின்னோட்ட) வேகச் சார்ஜரில் கார் அதிகபட்சம் எத்தனை கிலோவாட் வேகத்தில் மின்சாரம் வாங்கும் என்பது. மூன்றாவது, ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜரில் எவ்வளவு வாங்கும் என்பது.

புரோட்டான் இ.மாஸ் 7 காரை எடுத்துக்கொண்டால், பிரைம் வகைக்கு 49.52 யூனிட் பேட்டரி, டிசியில் 80 கிலோவாட். பிரீமியம் வகைக்கு 60.22 யூனிட், டிசியில் 100 கிலோவாட். ஒரே கார், ஒரே உருவம் என்றாலும் நிற்க வேண்டிய இடங்கள் மாறிவிடும். பக்கத்து வீட்டு அண்ணன் போட்ட திட்டத்தை அப்படியே எடுத்து ஓட்டக் கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாவது எண்ணைப் பலரும் பார்ப்பதில்லை. செயலியில் 22 கிலோவாட் என்று ஒரு ஏசி சார்ஜர் தெரியும். உங்கள் கார் ஏசியில் 7 கிலோவாட் மட்டுமே வாங்குமானால், அங்கே ஒரு மணி நேரம் நின்றாலும் 7 யூனிட்தான் ஏறும். நெடுஞ்சாலையில் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. ஏசி சார்ஜர் இரவு தங்கும் இடத்துக்குச் சரி, வழியில் நிற்க உதவாது. போதாக்குறைக்கு, பல ஏசி சார்ஜர்களில் கேபிளே இருக்காது, நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். டிசி சார்ஜரில் கேபிள் சார்ஜரோடு சேர்ந்தே இருக்கும்.

சார்ஜ் வாயையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மேலே வட்டமாக ஏழு துளைகள், கீழே இரண்டு பெரிய துளைகள் இருந்தால் அது சிசிஎஸ்2 என்ற வகை. மலேசியாவில் டிசிக்கு இதுதான் பொது வழக்கம். பழைய நிசான் லீஃப் மட்டும் சாடெமோ என்ற வேறு வகை முனை கேட்கும். அந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு இடத்திலும் சாடெமோ முனை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

2. விளம்பரத் தூரத்தை மறந்து, சொந்தக் கணக்கைப் போடுங்கள்

இ.மாஸ் 7 பிரீமியத்துக்கு டபிள்யூஎல்டிபி என்ற ஆய்வுக்கூடச் சோதனை அளவில் 410 கிலோமீட்டர் என்கிறார்கள். ஊர் ஓட்டமும் சாலை ஓட்டமும் கலந்த அளவு அது. 110 கிலோமீட்டர் வேகத்தில், ஐந்து பேரோடும் மூட்டை முடிச்சோடும், ஏர்கோன் முழுநேரமும் ஓட, அந்தத் தூரம் வராது.

இந்த அளவுக் காருக்கு நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 60 யூனிட் பேட்டரியில் ஒரு சதவீதம் என்பது 0.6 யூனிட், அதாவது சுமார் 3.3 கிலோமீட்டர். இந்த ஓர் எண்ணை மனதில் வைத்தால் போதும், வழி முழுக்க வாயாலேயே கணக்குப் போடலாம்.

100லிருந்து 15 வரை இறங்க: 280 கிலோமீட்டர். 80லிருந்து 15 வரை இறங்க: 215 கிலோமீட்டர். கடைசி 15 சதவீதத்தைத் தொடாதீர்கள். சார்ஜர் பழுதாக இருந்தால் அடுத்த இடத்துக்குப் போகும் 50 கிலோமீட்டர் அதில்தான் இருக்கிறது.

வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு ஏறும். 110லிருந்து 95க்கு இறங்கினாலே செலவு நன்றாகக் குறைவது டாஷ்போர்டில் தெரியும். கையில் சதவீதம் குறைவாக இருக்கும்போது ஏர்கோனை அடைத்து வீட்டாரை வேக வைப்பதைவிட வேகத்தைக் குறைப்பதுதான் பலன் தரும். கனமழையும் செலவைக் கூட்டும், ஏனென்றால் சக்கரம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

மலைக்குத் தனிக் கணக்கு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிறவர்கள், ஆட்களோடு 2 டன் எடையுள்ள கார் சுமார் 1,400 மீட்டர் உயர ஏறவே 8 யூனிட் தனியாகப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கான செலவு அதற்கு மேல். இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரிப்பதால் அதில் நல்ல பகுதி திரும்பி வரும். ஆனால் மலை உச்சியில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் திரும்பி வருவதை வைக்கப் பேட்டரியில் இடம் இருக்காது, பிரேக்தான் சூடேறும்.

3. செயலிகளை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்

ஒரே செயலி எல்லா இடத்துக்கும் ஆகாது. ஜென்தாரி, ஜோம்சார்ஜ், சார்ஜ்ஈவி, டிஎன்பி எலெக்ட்ரான் என்று வழியில் பல நிறுவனங்கள். உங்கள் பாதையில் யாருடைய சார்ஜர்கள் இருக்கின்றன என்று பார்த்து, குறைந்தது மூன்று செயலிகளைக் கைப்பேசியில் இறக்குங்கள்.

இறக்கினால் மட்டும் போதாது. கணக்குத் திறந்து, கைப்பேசிக்கு வரும் குறியீட்டைப் போட்டு, கார் எண்ணைப் பதிந்து, வங்கி அட்டையை இணைத்து, முன்பணம் கேட்கும் செயலியில் பணமும் போட்டு வையுங்கள். ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடத்தில்) மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டு, வங்கியின் ஒப்புதல் வராமல் திணறுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அட்டையை இணைத்த சில செயலிகள் சார்ஜ் தொடங்கும் முன் ஒரு தொகையைப் பிடித்து வைத்துப் பிறகு விடுவிக்கும். அட்டையில் அதற்கும் இடம் இருக்கட்டும்.

பிளக்‌ஷேர் செயலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சார்ஜரை இயக்காது. அங்கே போனவர்கள் எழுதியதைக் காட்டும். குறிப்பின் தேதியைப் பாருங்கள். நேற்று ஒருவர் வெற்றிகரமாக ஏற்றியிருந்தால் நம்பலாம். கடைசிக் குறிப்பு பல மாதங்களுக்கு முந்தியது என்றால் அந்த இடத்தை முதல் தேர்வாக வைக்காதீர்கள்.

பெரும்பாலான சார்ஜர்களை இயக்கக் கைப்பேசியில் இணையம் வேண்டும். கார் ஓட்டுபவரின் கைப்பேசியில் மட்டும் எல்லாவற்றையும் வைத்திருந்தால், அதில் பேட்டரியோ டேட்டாவோ தீர்ந்ததும் எல்லாம் நின்றுவிடும். வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் இன்னொருவர் கைப்பேசியிலும் முக்கியமான ஒரு செயலியை ஏற்றி வைப்பது நல்லது.

4. நிற்கும் இடத்தைப் பசி முடிவு செய்யக் கூடாது

வடக்கிலிருந்து இறங்குகிற குடும்பங்கள் தாப்பாவில் நிற்பது பழக்கம். பெட்ரோல் காருக்கு அது சரி. சுங்கை சிப்புட்டில் 100 சதவீதத்தோடு கிளம்பினால், சுமார் 90 கிலோமீட்டர் ஓடித் தாப்பாவை அடையும்போது பேட்டரியில் இன்னும் 73 சதவீதம் இருக்கும். அந்த நிலையில் எவ்வளவு பெரிய சார்ஜரில் செருகினாலும் கார் மெதுவாகத்தான் வாங்கும். அரை மணி நேரம் நின்று கொஞ்சம் ஏற்றியதோடு, நிஜமாகவே தேவைப்பட்ட இன்னொருவரின் இடத்தையும் அடைத்ததாக ஆகிவிடும். தாப்பாவில் சாப்பிடுங்கள், செருகாதீர்கள்.

பேட்டரி 15லிருந்து 40க்குள் இருக்கும்போது போய்ச் செருகுவதே நல்லது. நம் எடுத்துக்காட்டுப் பயணம் இப்படி அமையும்:

வீட்டில் 100 சதவீதம். சுமார் 205 கிலோமீட்டரில் ரவாங் பக்கம், கையில் 39. அங்கே 80 வரை ஏற்றுங்கள். 25 யூனிட், அரை மணி நேரம். அடுத்து சுமார் 135 கிலோமீட்டரில் ஆயர் குரோ, கையில் 40. மறுபடி 80. அங்கிருந்து ஜொகூர் பாரு சுமார் 215 கிலோமீட்டர், போய்ச் சேரும்போது 15.

ஆயர் குரோவில் 40 சதவீதத்தோடு நிற்பது கொஞ்சம் முன்கூட்டியே நிற்பதுதான். பாகோ வரை போனால் கையில் 17 சதவீதமே இருக்கும். கார் இன்னும் வேகமாக வாங்கும், ஏற்ற வேண்டியதும் 65 சதவீதம் வரை போதும். ஆனால் பாகோவில் வரிசை நின்றால் கையில் தெம்பு இல்லை. அதனால் ஆயர் குரோவை முதல் தேர்வாகவும் பாகோவை மாற்றாகவும் வைப்பதே என் கணிப்பு. ஆயர் குரோவில் கூட்டம் என்றால் பாகோ போக 40 சதவீதம் தாராளம். தலைகீழாகப் போட்டால் மாற்றே இருக்காது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இதே போல ஒரு மாற்று இடம் எழுதி வையுங்கள்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. நெடுஞ்சாலையில் ஆர் அண்ட் ஆர்கள் திசைக்கு ஒன்றாக இருக்கின்றன. வரைபடத்தில் தாப்பா என்று தெரிகிற சார்ஜர் வடக்கு நோக்கிப் போகும் பக்கமா தெற்குப் பக்கமா என்று பாருங்கள். பெயரில் உத்தாரா என்றால் வடக்கு, செலாத்தான் என்றால் தெற்கு. எதிர்ப்பக்கத்துச் சார்ஜர் கண்ணெதிரே 100 மீட்டரில் தெரியும், ஆனால் அதைத் தொட அடுத்த டோலில் வெளியேறித் திரும்பி வர வேண்டும். போகும்போது ஒரு பட்டியல், திரும்பும்போது வேறு பட்டியல்.

டோலுக்கு வெளியே, ஊருக்குள் இருக்கும் சார்ஜர்களையும் ஒதுக்காதீர்கள். நுழைந்த இடத்துக்கும் வெளியேறிய இடத்துக்கும் உள்ள தூரத்துக்குத்தான் இந்தப் பாதையில் டோல். வழியில் ஒருமுறை இறங்கி ஏறினால் கூடுதல் செலவு பெரிதாக வராது. பண்டிகைக் காலத்தில் ஆர் அண்ட் ஆரில் வரிசை நிற்கும்போது, டோலிலிருந்து ஐந்து நிமிடத்தில் பேரங்காடி வாசலில் ஒரு சார்ஜர் காலியாகக் கிடக்கும்.

5. கிளம்பும் முன் வீட்டில் முழுதாக ஏற்றுங்கள்

வீட்டு மூன்று முனைப் பிளக்கில் 10 ஆம்பியர் ஓடினால் 2.3 கிலோவாட். 30 சதவீதத்திலிருந்து முழுதாக ஏற, வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால் சுமார் 20 மணி நேரம். முந்தைய இரவு செருகினால் போதாது. சனிக்கிழமை விடிகாலைக் கிளம்புகிறீர்கள் என்றால் வியாழன் இரவே தொடங்குங்கள்.

நீட்டிப்பு ஒயர் வேண்டாம். 10 ஆம்பியர் ஒரு முழு நாள் விடாமல் ஓடினால் சுருட்டி வைத்த ஒயர் உருகும். பழைய தோட்டத்து வீடுகளிலும் ஆரம்பகாலத் தாமான் வீடுகளிலும் பிளக்பாயிண்டே தளர்ந்திருக்கும். செருகி ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையாக இருந்தால், பிஒய்டியும் இ.மாஸ் 7ம் அந்த வகைதான், 100 வரை ஏற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வகையில் நடுவில் மின்னழுத்தம் அதிகம் மாறாது, அதனால் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதைக் கார் ஊகித்தே சொல்கிறது. முழுதாக ஏறும்போதுதான் அந்த ஊகம் சரியாகிறது. பல வாரம் பாதியிலேயே ஓட்டிவிட்டுத் தூரப் பயணம் போனால் டாஷ்போர்டு காட்டும் சதவீதத்தை நம்ப முடியாது.

இன்னொன்று: முதல் வேகச் சார்ஜை நெடுஞ்சாலையில் செய்யாதீர்கள். ஒரு சாதாரண நாளில், 40 சதவீதம் இருக்கும்போது, ஈப்போவுக்குப் போய் ஒருமுறை செருகிப் பழகிவிட்டு வாருங்கள்.

6. சார்ஜரிடம் வந்ததும்: வரிசை மாறக் கூடாது

கேபிள் கட்டையானது, கனமானது. உங்கள் காரின் சார்ஜ் வாய் முன்பக்கமா பின்பக்கமா, இடமா வலமா என்று நினைவில் வைத்து, அது சார்ஜரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கேபிளை இழுத்துப் பிடித்துச் செருகினால் முனை சாய்ந்து தொடர்பு அறுந்துவிடும்.

கியரை பி-யில் போட்டு, காரை அணையுங்கள். பிறகு சார்ஜரின் திரையைப் பாருங்கள். இரண்டு முனைகள் இருந்தால் அ, ஆ போல இரண்டுக்கும் தனிக் குறி இருக்கும். எந்த முனையை எடுத்தீர்களோ அந்த முனையின் க்யூஆரைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். மற்றதை ஸ்கேன் செய்துவிட்டு, தன் காருக்கு மின்சாரம் ஏறாமல் நிற்பதைப் பார்த்து முழிப்பவர்கள் ஏராளம்.

பெரும்பாலான சார்ஜர்களில் முதலில் செருகிப் பிறகு செயலியில் தொடங்க வேண்டும். முனையை இரண்டு கையாலும் பிடித்து நேராக உள்ளே தள்ளுங்கள். கைப்பிடியைச் சற்று மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தபடியே தொடங்கும் பொத்தானை அழுத்துங்கள். கேபிளின் எடை முனையைக் கீழே இழுத்தால் அடியில் உள்ள இரண்டு பெரிய முனைகள் சரியாகப் பொருந்தாது. ‘டக்’ என்று பூட்டும் சத்தம் கேட்ட பிறகு கையை எடுக்கலாம். முதல் முறை தோல்வியடையும் பல சார்ஜ்களுக்கு இதுதான் காரணம், சார்ஜரை ஏசுவதில் பயனில்லை.

மழையில் செருகலாமா? செருகலாம். முனை முழுதாகப் பூட்டி, காரும் சார்ஜரும் ஒன்றையொன்று சோதித்த பிறகே மின்சாரம் ஓடும். முனையைத் தண்ணீர் தேங்கிய தரையில் மட்டும் போடாதீர்கள்.

7. முதல் இரண்டு நிமிடம் அங்கேயே நில்லுங்கள்

கதவைப் பூட்டிவிட்டுத் தே தாரிக் குடிக்க ஓடாதீர்கள். தொடங்கிய ஒரு நிமிடத்தில் நின்றுவிடும் சார்ஜ் நிறைய. காரின் திரையில் எத்தனை கிலோவாட் என்று பாருங்கள்.

180 கிலோவாட் என்று எழுதிய சார்ஜரில் 80 மட்டும் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். 400 வோல்ட் அளவிலான பேட்டரிக்கு 200 ஆம்பியர் கேபிளில் அதிகபட்சம் 80 கிலோவாட்தான் போகும். பக்கத்து முனையில் இன்னொரு கார் நின்றால் சில சார்ஜர்கள் மொத்தத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கும். பேட்டரி 15 - 40 சதவீதத்தில் இருந்தும் 20 கிலோவாட்டுக்குக் கீழே வந்தால்தான் பிரச்சினை. நிறுத்தி, எடுத்து, மறு முனையில் செருகிப் பாருங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் பேட்டரியைச் சூடாக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கவலை. இங்கே எதிர்மாறு: வெயிலில் வேகமாக ஓட்டிவந்து ஒரே நாளில் இரண்டு மூன்று முறை ஏற்றும்போது பேட்டரி சூடேறி, கார் தானே வேகத்தைக் குறைக்கும்.

8. 80-ல் நிறுத்துங்கள்

80க்கு மேல் பேட்டரியைக் காக்கக் கார் மின்சாரத்தைக் குறைத்து வாங்கும். 80லிருந்து 100க்குப் போக எடுக்கும் நேரம் 30லிருந்து 80க்கு ஆன நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

காசும் இதில் இருக்கிறது. யூனிட் கணக்கில் வசூலிக்கும் இடத்தில், யூனிட்டுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு என்றால் 25 யூனிட்டுக்கு 37 வெள்ளி 50 காசு. மெதுவாக ஏறினாலும் அதே விலை. நிமிடக் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 1 வெள்ளி என்று வைத்தால், 60 கிலோவாட்டில் ஏறும்போது ஒரு யூனிட் 1 வெள்ளி. அதே இடத்தில் 20 கிலோவாட்டாகக் குறைந்ததும் ஒரு யூனிட் 3 வெள்ளி. எந்தக் கணக்கு என்று தொடங்கும் முன்பே செயலியில் படியுங்கள். ஏறி முடிந்தும் காரை எடுக்காமல் இருந்தால் தனிக் கட்டணம் போடும் இடங்களும் உண்டு.

நிறுத்தும் முறை: செயலியில் நிறுத்துங்கள், எண் பூஜ்யத்துக்கு இறங்கட்டும், காரின் பூட்டைத் திறங்கள், பிறகு முனையை இழுங்கள். சிவப்பு அவசரப் பொத்தானை இதற்குத் தொடாதீர்கள். அழுத்தினால் சார்ஜர் முழுவதும் முடங்கி, பக்கத்துக் காரும் நின்றுவிடும்; ஆள் வந்து சரிசெய்யும்வரை வரிசையில் இருப்பவர்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

9. அடம்பிடித்தால்

தொடங்கவே இல்லையா? காரில் நேரம் குறித்துச் சார்ஜ் ஏற்றும் அமைப்பை வீட்டுக்காக வைத்திருப்பீர்கள். இரவு 12க்குத் தொடங்கு என்று சொன்ன கார், ஆர் அண்ட் ஆரிலும் இரவு 12க்காகக் காத்திருக்கும். அதை அணையுங்கள். அதுவும் இல்லையென்றால் முனையை எடுத்து, செயலியை மூடித் திறந்து, காரைப் பூட்டி ஒரு நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். இரண்டு முறைக்கு மேல் அதே முனையோடு மல்லுக்கட்டாதீர்கள். சார்ஜரில் ஒட்டியிருக்கும் எண்ணை அழையுங்கள். பல நேரம் அவர்கள் தூரத்திலிருந்தே சார்ஜரை அணைத்து மறுபடி இயக்கிவிடுவார்கள். சார்ஜரின் குறியீட்டு எண்ணை முதல் வாக்கியத்திலேயே சொன்னால் வேலை வேகமாக நடக்கும்.

முனை வரவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள். சாவியில் பூட்டித் திறந்து, உடனே இழுங்கள். நேரம் கடந்தால் சில கார்கள் தானாக மீண்டும் பூட்டிக்கொள்ளும். அப்படியும் வராவிட்டால், பல கார்களில் கையால் விடுவிக்கும் சிறு கயிறோ கொக்கியோ உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டில் இப்போதே பார்த்து வையுங்கள்.

10. வரிசையில் நிற்கும்போது

தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாளும், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு நேரமும் காலை 10லிருந்து மாலை 6 வரை நெடுஞ்சாலைச் சார்ஜர்களில் கூட்டம் இருக்கும். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் முதல் நிறுத்தத்தைக் கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடலாம். முன்பதிவு உள்ள செயலியானால், 20 நிமிடத் தூரத்தில் இருக்கும்போது பதியுங்கள். முன்னாலேயே பதிந்தால் நேரம் காலாவதியாகிவிடும்.

சார்ஜருக்குத் தனி வரிசைக் கோடு இல்லாத இடங்களில், இறங்கிப்போய் “அண்ணே, எத்தனை சதவீதம் வரை ஏத்துறீங்க? உங்களுக்கு அடுத்து நான்” என்று சொல்லிவிடுங்கள். காருக்குள் உட்கார்ந்து காத்திருந்தால் நீங்கள் வரிசையில் இருப்பது யாருக்கும் தெரியாது. நீங்கள் ஏற்றும்போது, கைப்பேசி எண்ணும் எடுக்கும் நேரமும் எழுதிய துண்டுத்தாளைக் கண்ணாடியில் தெரியும்படி வையுங்கள்.

11. போய்ச் சேர்ந்த இரவு

ஜொகூர் பாருவில் 15 சதவீதத்தோடு இறங்கியிருப்பீர்கள். உறவினர் வீட்டுப் பிளக்கில் இரவு 10 மணி நேரம் போட்டால் 20 யூனிட்டுக்கு மேல் ஏறும், காலையில் 50 சதவீதம். அவர்கள் வீட்டு மின்கட்டணம் என்பதால் முன்கூட்டியே கேட்டு, ஒரு தொகையையும் கொடுத்துவிடுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் இந்த வழி இல்லை. பக்கத்துப் பேரங்காடி ஏசி சார்ஜரில் கல்யாணச் சாமான் வாங்கும் நேரத்தில் செருகுங்கள். திரும்பும் நாளுக்கு முந்தைய மாலை எப்படியாவது 90க்கு மேல் ஏற்றிவிட்டு, வடக்குப் பக்கத்துச் சார்ஜர் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.